கவசமிலியின் கட்டில்

காலிஸ்டோவில் பல் பிடுங்குவதற்கு முன்னால் நோயாளியை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். நெற்றிக்கு ஒரு பட்டை, மார்புக்கு ஒன்று, கைகளுக்கு, தொடைகளுக்கு. கட்டாமல் இழுத்தால் பல்லுக்குப் பதிலாக ஆளே கையோடு வந்துவிடுவார். பூமியில் எண்பது கிலோ இருக்கும் மனிதர் வியாழனின் அந்த நிலவில் பத்துக் கிலோதான் கனப்பார்.

பனிக்கு அடியில் குடைந்து கட்டிய பனிப்படுகை என்ற அந்த ஊரில் தொள்ளாயிரம் பேர் இருந்தார்கள். பல் மருத்துவர் ஒருவர்தான். டாக்டர் மீனலோசனி. அவரிடம் போனால் வலி தெரியாது என்று பெயர். வலியை விடவும் அவர் பேச்சுக்குத்தான் மக்கள் பயந்தார்கள். வாயைத் திறக்க வைத்து, கையைக் கட்டிப்போட்டு, பிறகுதான் தன்னுடைய கோட்பாட்டை விளக்க ஆரம்பிப்பார்.

அன்று நாற்காலியில் கட்டுண்டு கிடந்தவர் தொலைத்தொடர்பு அதிகாரி அறவாழி.

“நல்லாத் திறங்க. இன்னும் கொஞ்சம். ஆங்… இப்பக் கேளுங்க. கவசமிலி செத்துப்போன ராஜா. ஏழாம் வம்சத்துக் கடைசி ராஜா. அரியணையைத் தேடித்தான் திரும்பத் திரும்ப வர்றாரு. அவர் துரோகித் தளபதின்னு நீங்க சொல்றீங்களே, அதுல ஒரு துளியாவது ஆதாரம் இருக்கா?”

“ஆ… ஆ…” என்றார் அறவாழி.

“ஆட்சேபணை இருந்தா கையைத் தூக்குங்க.”

கை பட்டைக்குள் இருந்தது. மீனலோசனி ஒரு கணம் காத்திருந்துவிட்டு, “சரி, ஒத்துக்கிட்டீங்க” என்று சொல்லித் துளையை அடைக்கத் தொடங்கினார்.

பட்டைகளை அவிழ்த்ததும் அறவாழி தாடையைத் தடவிக்கொண்டே எழுந்தார். “இது வைத்தியமா டாக்டர், வன்முறையா? நாளைக்கு ஓட்டெடுப்புல பாத்துக்கிறேன்.”

“வாங்க, வாங்க. அதுக்குள்ள கெட்டியா எதையும் கடிச்சிடாதீங்க.”

அவர்கள் சண்டைக்குக் காரணம் ஏழ்வாயில் என்ற விளையாட்டு. பனிப்படுகையில் வெளியே உலாவ முடியாது. வெளியே காற்று இல்லை. குளிரோ எஃகையே நொறுக்கிவிடும். ஆகவே ஊரே வேலை முடிந்ததும் ஆட்டக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொதுமன்றத்தில் உட்கார்ந்துவிடும். கண்ணாடிக்குள் ஒரு பழைய கோட்டை நகரம். அதற்கு ஏழு வாயில்கள். ஒவ்வொரு வாயிலிலும் ஓர் அழைமணி. மணியை அடித்தால் வேறு உலகத்திலிருந்து ஒரு வீரர் வருவார், துணைக்குச் சண்டை போடுவார், மறைந்துவிடுவார்.

விளையாட்டின் இன்னொரு அழகு அதன் காவிய வடிகட்டி. யார் என்ன பேசினாலும் அதைக் காவிய நடைக்கு மாற்றித்தான் மற்றவர் காதில் போடும். “என்னப்பா, சாப்டியா?” என்று கேட்டால், எதிரில் நிற்பவருக்கு “நண்ப, உண்டனையோ?” என்று கேட்கும். அதற்குத் தெரியாத சொல் வந்தால் மட்டும் அப்படியே விட்டுவிடும்.

மணியடித்தால் வரும் வீரர்கள் எல்லாம் இயந்திரம் இயக்கும் பாத்திரங்கள். அது கைக்குழந்தைக்கும் தெரியும். ஆறு வாயில்களிலும் வந்த வீரர்களுக்குப் பெயர் இருந்தது, குலம் இருந்தது, வரலாறு இருந்தது. ஏழாம் வாயிலில் வந்தவருக்குத்தான் எதுவும் இல்லை. கவசம் இல்லை, வாள் இல்லை, காலில் செருப்புகூட இல்லை. சாம்பல் நிறத் துணியைப் போர்த்திக்கொண்டு வந்து நிற்பார். கேட்டால் பதில் சொல்ல மாட்டார். வெகுநேரம் கழித்துச் சம்பந்தமில்லாமல் எதையாவது சொல்வார். புதையல் எங்கே என்று கேட்ட ஒருவரிடம், “முழங்கால் நோவு தாளவில்லை” என்றார். பகைவர்களை வெல்லும் வழி கேட்ட ஒருத்தியிடம், “உப்பு சற்று மிகுதி, ஆயினும் உண்டேன்” என்றார்.

அவருக்குக் கவசமிலி என்று பெயர் வைத்தது பனிப்படுகை மக்கள்தான். விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் என்றோ காணாமல் போய்விட்டது. விளக்கம் கேட்க ஆளில்லை. எனவே பதினொரு ஆண்டுகளாக ஊர் தானாகவே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. முழங்கால் என்றால் மண்டியிட மறுத்த மன்னனின் கால்களை எதிரிகள் ஒடித்த கதை. உப்பு என்றால் கடல் கொண்ட தலைநகரம். கேட்டதற்கு நேராகப் பதில் வந்திருந்தால் கவசமிலியை யாரும் சீந்தியிருக்க மாட்டார்கள்.

மீனலோசனிக்கு இதில் கிடைத்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. அவருக்குக் குழந்தைகள் இல்லை. கணவர் வியாழனைச் சுற்றும் கப்பலில் வருடத்தில் பாதி நாள் போய்விடுவார். வாய்களுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு, ஒரு முழு வம்சமே சொந்தமாகக் கிடைத்திருந்தது. முந்தின நாள்கூட அவர் கவசமிலியிடம், “மன்னா, உங்கள் வாளின் பெயர் என்ன?” என்று கேட்டிருந்தார். கேட்ட மாத்திரத்தில் கவசமிலி தலைநிமிர்ந்து, “மூன்று நாளாய் விடாது பெய்கின்றது” என்றார்.

விடாது பெய்வது! என்ன ஒரு பெயர், ஒரு வாளுக்கு! அந்தப் பெயரை வைத்தே அவர் தன் கோட்பாட்டின் கடைசிப் பகுதியை முடித்திருந்தார். மறுநாள் ஓட்டெடுப்பில் வென்ற கோட்பாட்டைப் பொதுமன்றச் சுவரில் ஓவியமாகத் தீட்டுவதாக ஏற்பாடு.

அறவாழிக்குப் பல் அடைத்த அன்று அரைநாள் விடுமுறை. பிற்பகலில் மீனலோசனி மன்றத்துக்குப் போனபோது ஏழாம் வாயில் முன்னால் ஒரே கூட்டம். கவசமிலி பேசிக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலே பேசிக்கொண்டிருந்தார். பதினொரு ஆண்டுகளில் அப்படி நடந்ததே இல்லை.

“விளக்குகள் அவிந்தன” என்றார் கவசமிலி.

கூட்டம் நெருங்கி வந்தது.

சற்றுப் பொறுத்து, “அரவம் ஒன்று இல்லத்துள் புகுந்தது” என்றார்.

“நாகர் படையெடுப்பு!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

பிறகு அந்தச் சொற்கள் வந்தன.

“கட்டில் மிதக்கலாயிற்று.”

மீனலோசனிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கட்டில்! பழந்தமிழில் கட்டில் என்றால் அரியணை. அரியணை வெள்ளத்தில் மிதக்கிறது. கடல் கொண்ட தலைநகரம், தொலைந்த அரியணை, அதைத் தேடி வரும் மன்னன். அவர் பதினொரு ஆண்டுகளாகச் சொல்லிவந்த அத்தனையையும் மன்னனே தன் வாயால் சொல்லிவிட்டான். சுற்றியிருந்தவர்கள் அவரைத் தூக்கினார்கள். காலிஸ்டோவில் ஒருவரைத் தூக்குவது பெரிய வேலை இல்லை. உற்சாகத்தில் அவர் கூரைவரை போய்த் திரும்பி வந்தார்.

“இருங்க, இருங்க. அடுத்ததையும் கேளுங்க” என்று அறவாழி கையை உயர்த்தினார்.

“கன்னிமூலையில் நின்ற ஃபிரிட்ஜ் குப்புற வீழ்ந்தது” என்றார் கவசமிலி.

ஒருவருக்கும் புரியவில்லை. ஃபிரிட்ஜ் என்ற சொல்லைப் பனிப்படுகையில் பிறந்து வளர்ந்தவர்கள் புழங்கியதில்லை. சுவருக்கு அப்பால் உறைநிலைக்கு நூறு பாகைக்கும் கீழே குளிர்ந்து கிடக்கும் ஊரில், உணவைக் குளிரவைக்க யாருக்கும் கருவி வேண்டியிருக்கவில்லை.

“காவல் பூதம்” என்றார் அறவாழி மெல்ல. “தென்மேற்கு மூலைக்குக் காவல் நின்ன பூதம். அதை யாரோ உள்ளேருந்தே வீழ்த்தியிருக்காங்க. துரோகம் டாக்டர், துரோகம்! நான் சொல்லல?”

மன்றம் இரண்டாகப் பிரிந்து கத்தத் தொடங்கியது. அந்தக் களேபரத்தில் உணவகம் நடத்தும் நல்லமுத்து ஒரு சீடையைக் கடிக்க, கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்தது. வெற்றியின் உச்சியில் நின்ற மீனலோசனி, முனகிக்கொண்டிருந்தவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு மருத்துவ அறைக்கு நடந்தார்.

நல்லமுத்துவை நாற்காலியில் கட்டினார். மரத்துப்போகச் செய்யும் ஊசிமருந்து பூமியிலிருந்து வரும் சரக்கு. புதுப் பெட்டியை எடுத்து உறையைக் கிழித்தார்.

“அதென்ன டாக்டர்” என்றார் நல்லமுத்து, வலியிலும் கண்ணை அகல விரித்து. “நம்ம பூதத்தோட பேரு மருந்துப் பெட்டியில போட்டிருக்கு?”

மீனலோசனி பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். ஃபிரிட்ஜில் வைக்கவும். இத்தனை ஆண்டுகளில் எத்தனை பெட்டிகளைப் பிரித்திருப்பார்! அந்த வரியை அவர் கண் தாண்டித் தாண்டியே போயிருக்கிறது.

“பூதமில்லைங்க” என்று பேசிக்கொண்டே ஊசியைப் போட்டார். “பூமியில வீட்டுக்கு வீடு இருக்குமாம். படிக்கிறப்ப எங்க வாத்தியார் சொல்லுவாரு. அலமாரி மாதிரி பெட்டி. பாலு, தோசைமாவு, காய்கறி எல்லாம் கெட்டுப்போகாம உள்ள…”

அவர் கை நின்றது.

பால் வைக்கிற பெட்டி குப்புற விழுந்தது. விளக்குகள் அணைந்தன. பாம்பு வீட்டுக்குள் வந்தது. கட்டில் மிதந்தது. முந்தின நாள்தான், மூன்று நாளாய் விடாது பெய்கிறது என்றார்.

“நல்லமுத்து, நேத்து நீங்க ஏழாம் வாயிலுக்குப் போனீங்களா?”

“போனேனே.”

“அவர்கிட்ட என்ன கேட்டீங்க?”

“பெருசா ஒண்ணுமில்ல டாக்டர். உங்க ஊர்ல மழை உண்டான்னு கேட்டேன். மழைன்னா எப்படித்தான் இருக்கும்னு எனக்கு ஒரு ஆசை. அவரு வாயே திறக்கல. நானும் பாத்துட்டு, கடையைத் திறக்கணும்னு கிளம்பிட்டேன்.”

“நான் வர்றதுக்கு எவ்வளவு நேரம் முன்னாடி?”

“நீங்க என் கடையைத் தாண்டிப் போனதைப் பாத்தேன். இருக்கும், ஒன்றரை மணி நேரம்.”

ஒன்றரை மணி நேரம். பனிப்படுகையில் எவருக்கும் அதைவிடப் பழகிய கணக்கு கிடையாது. வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பினால் ஒளியின் வேகத்தில் அது பூமியைத் தொட முக்கால் மணி. பதில் வர இன்னொரு முக்கால் மணி. மழை உண்டா என்று நல்லமுத்து கேட்டார். மூன்று நாளாக விடாமல் பெய்கிறது என்று பதில் வந்தபோது அந்த இடத்தில் மீனலோசனி நின்றுகொண்டு வாளின் பெயரைக் கேட்டிருக்கிறார்.

புதையல் கேட்டவருக்கு முன்னால் யாரோ உடம்பு எப்படி என்று விசாரித்திருப்பார்கள். போர்த்தந்திரம் கேட்டவளுக்கு முன்னால் யாரோ சாப்பாடு எப்படி என்று கேட்டிருப்பார்கள். பதினொரு ஆண்டுகளாக ஒரு மனிதர் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

மீனலோசனி அறையை விட்டு ஓடினார்.

“டாக்டர்! பட்டையை அவுத்துட்டுப் போங்க! டாக்டர்!” என்று மரத்துப்போன தாடையோடு நல்லமுத்து கத்தியது நடைவழி முழுக்கக் கேட்டது.

அறவாழி அப்போதுதான் தொலைத்தொடர்பு அறைக்குத் திரும்பியிருந்தார். மூச்சுவாங்க வந்து நின்ற மீனலோசனியைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன டாக்டர், சமாதானம் பேச வந்தீங்களா?”

“அவசரச் செய்தி ஒண்ணு பூமிக்கு அனுப்பணும். இப்பவே. கவசமிலி மனுஷன். பூமியில ஏதோ வீட்டுல வெள்ளத்துல மாட்டிக்கிட்டிருக்காரு. முழங்கால் வலிக்காரரு, நடக்க முடியாது. கட்டில் மிதக்குதுன்னா நிஜமாவே கட்டில்தான் மிதக்குது.”

அறவாழியின் சிரிப்பு அகலமானது. “அருமையா இருக்கு. ஓட்டெடுப்புக்கு முன்னாடி நான் பூமிக்குப் பொய்யான அவசரச் செய்தி அனுப்பி வேலையை இழக்கணும். அப்புறம் துரோகித் தளபதி கட்சியே இருக்காது. நல்ல திட்டம்.”

மீனலோசனி மழைக் கேள்வியைச் சொன்னார், மருந்துப் பெட்டியைச் சொன்னார். அறவாழி தலையாட்டிக்கொண்டே இருந்தார், நம்பவில்லை. பதினொரு ஆண்டுகளில் அவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட தந்திரங்கள் அப்படி.

மீனலோசனி அறைக் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: “அறவாழி, என்னோட கோட்பாடு தப்பு. ராஜாவும் இல்ல, வம்சமும் இல்ல. நான் தோத்துட்டேன். நாளைக்குச் சுவத்துல உங்க படத்தையே போட்டுக்குங்க. எழுதி வேணாலும் தர்றேன்.”

அறவாழியின் முகம் மாறியது. ஏழ்வாயிலின் வரலாற்றில் எவரும் எவரிடமும் அந்தச் சொற்களைச் சொன்னதில்லை. தன் கோட்பாடு தவறு என்று ஒருத்தி தானாகவே வந்து சொல்கிறாள் என்றால், எங்கோ ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

கருவியின் முன் உட்கார்ந்தார். ஏழாம் வாயிலுக்கு வரும் தரவின் தடத்தைப் பின்தொடர்ந்தார்.

“தினமும் பூமியிலேருந்து ஒரு மெல்லிசான தரவு வரும் டாக்டர். ‘பராமரிப்பு’ன்னு அதுக்குப் பேரு போட்டு வச்சதே நான்தான். ஒரு நாள்கூட உள்ள என்ன இருக்குன்னு பாக்கல.” அவர் திரையைச் சுட்டினார். “ஒரே ஒரு வீட்டுலேருந்து வருது. முகவரி தெரியல. ஆனா கருவியோட எண் இருக்கு. அவங்க கண்டுபிடிச்சுடுவாங்க.”

செய்தி போனது. மீட்பு மையத்துக்கு, எண்ணோடு, அவசரக் குறியோடு.

“நாம கேட்டது எல்லாமே முக்கால் மணிக்கு முந்தின தண்ணி” என்றார் அறவாழி. “இது போய்ச் சேர இன்னும் முக்கால் மணி.”

அதற்கு மேல் செய்வதற்கு எதுவும் இல்லை. மீனலோசனி மன்றத்துக்குத் திரும்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி ஏழாம் வாயிலுக்கு முன்னால் போய் நின்றார். கவசமிலி பேச்சை நிறுத்தியிருந்தார். குனிந்து நின்றிருந்தார்.

“பயப்படாதீங்க. நான் நிஜமான மனுஷி. பல் டாக்டர். உங்களைக் காப்பாத்த ஆள் வருது” என்றார் மீனலோசனி.

“அஞ்சற்க. யான் மெய்யான மானுட மகள். பல்லின் மருத்துவச்சி. நும்மைக் காக்கப் படை வருகின்றது” என்று வடிகட்டி முழங்கியது. கூட்டம் கைதட்டியது.

இதைக் கேட்டு அங்கே யார் நம்புவார்? அப்போதுதான் மீனலோசனிக்கு வடிகட்டிக்குப் புரியாத ஒரு சொல் நினைவுக்கு வந்தது. கூடவே, அந்தக் காலத்துப் பாடப்புத்தகத்தில் பார்த்த சொற்களாகப் பொறுக்கினார்.

“ஃபிரிட்ஜ் விழுந்தா விழட்டும். ஃபிரிட்ஜ்! ரெஸ்க்யூ போட் வருது. ரெஸ்க்யூ. காலிஸ்டோல இருந்து பேசுறேன். சுவரைத் தட்டிக்கிட்டே இருங்க. பக்கத்துல யாராவது இருப்பாங்க.”

இதற்குக் கூட்டம் கைதட்டவில்லை. மீனலோசனியின் குரல் நடுங்கியதை அவர்கள் முதல்முறையாகக் கேட்டார்கள். ஒவ்வொருவராக அடங்கி, கொஞ்ச நேரத்தில் மன்றமே அமைதியாகிவிட்டது. அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்லமுத்துவை அவிழ்த்துவிட்டு வந்த அறவாழியும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

பூமியில், கடலூரில் தேனம்மை நகர் என்ற இடத்தில், இரண்டு மாடி வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நின்ற ஒரு சந்தில், தணிகாசலம் தன் வீட்டு உள்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகர். மனைவி இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வெள்ளம் வரும், எல்லோரும் வெளியேறுங்கள் என்று சொல்லித் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி போனபோது, அவர் ஆட்டக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பனிமக்களோடு பேசிக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை.

பனிமக்கள் என்பது அவர் வைத்த பெயர். ஏழாம் வாயிலில் வெள்ளை உடையில் கூட்டம் கூட்டமாக வருவார்கள். உங்கள் ஊரில் மழை உண்டா என்று கேட்பார்கள். பதில் சொன்னால் கவனிக்காமல், வாளின் பெயர் என்ன என்று வேறொருத்தி கேட்பாள். மோசமாக எழுதப்பட்ட இயந்திரப் பாத்திரங்கள் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். இருந்தாலும் பேச்சுத்துணைக்கு ஆகட்டும் என்று ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி வந்தார். கவசம் போட்டுக்கொள்வது எப்படி என்று கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை.

தொலைபேசி தண்ணீரில் போய்விட்டது. மொட்டைமாடிக் கதவு துருப்பிடித்து இறுகிக்கிடந்தது. படிப்படியாக மேலே நகர்ந்து உட்கார்ந்தார். மின்கலத்தில் ஓடும் ஆட்டக்கண்ணாடி மட்டும் வேலை செய்தது. நாய்க்குட்டியிடம் சொல்வதுபோல் பனிமக்களிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். உதவி கேட்கவில்லை. பொம்மைகளிடம் என்ன உதவி கேட்பது?

தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது வாள் கேட்ட அந்தப் பெண் முன்னால் வந்தாள். வழக்கம்போல என்னவோ காவியம் பேசினாள். பிறகு, “ஃபிரிட்ஜ் வீழினும் வீழ்க” என்றாள்.

தணிகாசலம் நிமிர்ந்தார்.

“ஃபிரிட்ஜ்! ரெஸ்க்யூ போட் வருகின்றது. காலிஸ்டோவினின்று உரைக்கின்றேன். சுவரினைத் தட்டியவண்ணம் இருமின்.”

எந்த இயந்திரமும் ஃபிரிட்ஜ் என்று சொல்லாது. பக்கத்தில் மிதந்துவந்த சொம்பைப் பிடித்துச் சுவரில் அடிக்கத் தொடங்கினார்.

சந்து குறுகல். மீட்புப் படகு அவர் வாசலுக்குப் போக முடியாமல், பக்கத்து வீட்டு மாடிச் சுவரோரம் ஒதுங்கியது. மீட்புப் படையினர் அந்த மாடியில் ஏறிக் கதவைத் தட்டினார்கள். வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. திறந்தவர் ஜெசிந்தா. பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அவர் வீட்டிலும் கீழ்த்தளம் தண்ணீர்தான்; மாடியறையில் இருந்தார். ஆட்டக்கண்ணாடி கழுத்தில் தொங்கியது.

“பக்கத்து வீட்டுல யாரும்மா இருக்காங்க?”

“யாரும் இருக்கிற மாதிரி தெரியலையே சார். சத்தமே வராது.”

“இப்ப வருதே, கேக்கலையா?”

டங், டங் என்று அவர் நின்றிருந்த அறைச் சுவரே அதிர்ந்துகொண்டிருந்தது.

மொட்டைமாடி வழியே போய், துருப்பிடித்த கதவை உடைத்துத் தணிகாசலத்தைத் தூக்கிவந்து ஜெசிந்தாவின் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஜெசிந்தா துண்டைக் கொடுத்துவிட்டு, சூடாகக் காபி கலந்து கொண்டுவந்தார். படகு அடுத்த சுற்று வரும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“எவ்வளவு வருஷமா இங்க இருக்கீங்க சார்?”

“பதினாலு வருஷம் ஆச்சும்மா. நீங்க?”

“எனக்கும் பத்து ஆகுது.”

தணிகாசலத்தின் கண் அவர் கழுத்தில் தொங்கிய கண்ணாடியில் பட்டது.

“நீங்களும் ஏழ்வாயில் ஆடுவீங்களா?”

“ஆடறதில்ல சார், வெறும் பார்வையாளர்தான். ஏழாம் வாயில்ல நின்னு கேட்டு, அதைப் பத்தி எழுதுவேன். அங்க ஒரு கிழவர் வருவாரு, கவசம் இல்லாம. அவர் ஒரு முனிவர்னு என்னோட கோட்பாடு. இன்னிக்கு மத்தியானம்கூட அபாரமா ஒண்ணு சொன்னாரு சார். கட்டில் மிதக்கலாயிற்றுன்னு. நான் உடனே உக்காந்து ஏழு பக்கம் எழுதினேன். இகவாழ்வுங்கிற கட்டிலு…”

தணிகாசலம் டம்ளரைக் கீழே வைத்தார்.

“தேக்குக் கட்டிலும்மா” என்றார் தயங்கி. “எங்க கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்தது. மிதக்கும்னு நானும் நினைக்கல.”

ஜெசிந்தா அவரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரின் கனம் ஒன்பது அங்குலம். அதைத் தாண்டாத குரல் வியாழன்வரை போய்த் திரும்பியிருந்தது. அவர் அழுதுவிட்டார். தணிகாசலம்தான் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. “அழாதீங்கம்மா. ஏழு பக்கம்னா சும்மாவா? என்னைப் பத்தி யாரு அவ்வளவு எழுதியிருக்கா?”

அவர் பிழைத்த செய்தி பனிப்படுகைக்கு வந்து சேர்ந்ததும் மன்றம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. அறவாழி மீனலோசனியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஓட்டெடுப்பு நடக்கவில்லை, சுவரில் ஒரு தேக்குக் கட்டிலை மட்டும் வரைந்தார்கள். ஒரு வாரம் கழித்து, கவசமிலி மனிதர் என்பதே அரண்மனைச் சதிகாரர்கள் பரப்பிய கட்டுக்கதை என்று புதிதாக ஒரு கோட்பாடு கிளம்பியது. அதற்கும் நல்ல ஆதரவு இருந்தது.

வெள்ளம் வடிந்தது. தணிகாசலம் வீட்டைச் சுத்தம் செய்து திரும்ப வந்தார். ஏழாம் வாயிலில் இப்போது இருவர் வரத் தொடங்கினார்கள்: கவசமிலியும், ஒரு முக்காட்டு மங்கையாக ஜெசிந்தாவும். வடிகட்டியை நீக்க அறவாழி எவ்வளவோ பார்த்தார், முடியவில்லை. யாரும் கவலைப்படவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்து பதில் வாங்கிப் போகப் பனிப்படுகை பழகிக்கொண்டது. மழை எப்படி இருக்கும் என்று நல்லமுத்துவுக்கு அவர்கள் இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள்.

பல மாதங்களுக்குப் பிறகு ஒரு மாலை மீனலோசனி ஏழாம் வாயிலுக்குப் போனபோது, கவசமிலி அவரைத் தேடிக்கொண்டிருந்தவர்போல முன்னால் வந்தார்.

“மருத்துவச்சி, நலமோ? ஒரு சிற்றுதவி வேண்டும். அண்டை இல்லத்து மங்கை தன் திறவுகோலை வாயிற்கதவிலேயே மறந்துவிட்டாள். காலை முதல் தொங்குகின்றது. தட்டிச் சொல்லலாம் எனில், துயில்கின்றாளோ என்னவோ, தொல்லையாகுமோ என்று நாணினேன். நீவிர் உரைத்தருள்க.”

மீனலோசனி அதை முக்காட்டு மங்கையிடம் சொன்னார். பிறகு போய்ச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு நோயாளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பதில் வந்திருந்தது.

“நன்றி. திறவுகோல் கிட்டியது. அவர் தம் சாளரத்தருகே நின்று என் வாயிலையே நோக்கிக்கொண்டிருந்ததை யானும் கண்டேன். அருள்கூர்ந்து என் நன்றியை அவரிடம் சேர்ப்பிக்க.”